நூல் தெரிவு நெறி: கணினி வலையமைப்பும் தகவல் காப்பும் கற்பார்க்கு

முன்னுரை

கற்க வேண்டும் என்னும் விழைவு எழுந்தபின் மாணவர் முதற்கண் எதிர்கொள்ளும் வினா, எந்நூலைக் கற்பது என்பதாகும். இலக்கியம் பயில்வார்க்கு இவ்வினாவிற்கு விடை கூற ஆசிரியர் மரபும் உரை மரபும் உள. கணினி வலையமைப்பு, தகவல் காப்பு ஆகிய புதுத்துறைகளில் நுழைய விரும்புவார்க்கோ அத்தகைய வழிகாட்டல் நம் பகுதியில் எளிதிற் கிட்டுவதில்லை. கடைத்தெருவில் நூல்கள் மலிந்துள்ளன, விலையும் மிகுதி. வாலிகண்டபுரம், வி.களத்தூர், லப்பைக்குடிக்காடு முதலிய ஊர்களிலிருந்து பேருந்தேறி வந்து பயிலும் மாணவருள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர் பலர். அவர்கள் நூலைப் பிழைபடத் தேர்ந்தெடுத்தால் இழப்பது பணம் மட்டுமன்று. ஓராண்டுக் காலமும் வீணாகிறது. அதனினும் பெரிய இழப்பு, 'இத்துறை நமக்கு வாராது' என்று நெஞ்சில் குடிபுகும் தளர்ச்சியாகும். பொருந்தா நூல், அறிவுடைய மாணவனையும் அறிவிலி என நம்பச் செய்துவிடும்.

தமிழ்த்துறையினர்க்கு இதில் என்ன பணி என வினவலாம். கணினிப் பொருளைக் கற்பித்தல் கணினித்துறை ஆசிரியர்தம் கடன். ஆனால் நூல் என்பது யாது, அது யாருக்காக எழுந்தது, எதன்பின் கற்கத்தக்கது என்பனவற்றை ஆராய்தல் தமிழ் மரபில் இலக்கணத்தின் பாற்பட்டதாகும். 13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் தம் நன்னூலின் தொடக்கத்திலேயே நூலின் இலக்கணத்தை வரையறுத்துள்ளார். அவ்வரையறைகளை அளவுகோலாகக் கொண்டு, இவ்விரு துறைகளுக்கும் உரிய நூல்களைத் தெரிவு செய்யும் முறையை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைகளின் இயல்பு

நூலைத் தேர்வதற்குமுன் பொருளின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். ரியாத்தில் பணிபுரியும் மகன் வாலிகண்டபுரத்திலுள்ள தாய்க்கு ஒரு படத்தை அனுப்புகிறான். அப்படம் முழுமையாக ஒரே பொருளாக வருவதில்லை. அது சிறுசிறு சிப்பங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு சிப்பத்தின் மேலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் முதலியன பொறிக்கப்படுகின்றன. வழியிலுள்ள ரூட்டர் எனப்படும் திசைவிகள் முகவரியை நோக்கி ஒவ்வொன்றையும் அடுத்த இடத்திற்குச் செலுத்துகின்றன. வரிசை மாறி வந்தவை இறுதியில் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. வாராதவை மீண்டும் வரவழைக்கப்படுகின்றன. இவ்வொழுங்கிற்குரிய விதிகளே நெறிமுறைகள். இவற்றைக் கற்பதே வலையமைப்புக் கல்வி.

அவ்வாறு செல்லும் செய்தி பிறர் கண்ணிற் படாதிருத்தல், இடையில் திரிக்கப்படாதிருத்தல், உரியவர்க்கு வேண்டும்போது கிடைத்தல் என்னும் மூன்றையும் காப்பது தகவல் காப்புக் கல்வி. நம் மக்கள் வழக்கில் கூறின், இஃது ஓர் அமானிதத்தைப் பேணுதல் போன்றது. ஒப்படைத்த பொருளைப் பிறர்க்குக் காட்டலும் ஆகாது, மாற்றலும் ஆகாது, உரியவர் கேட்கும்போது இல்லை எனலும் ஆகாது.

வாலிகண்டபுரத்திற்கு அணித்தே உள்ள ரஞ்சன்குடிக் கோட்டையை நம் மாணவர் யாவரும் அறிவர். 1751-இல் நிகழ்ந்த வாலிகண்டபுரப் போரோடு தொடர்புடைய அக்கோட்டையைச் சுற்றி அகழி உண்டு. அதனுள் வெவ்வேறு மட்டங்களில் மூன்று அரண்கள் உள. ஒன்றைக் கடந்தார்க்கு அடுத்தது தடையாக நிற்கும். தகவல் காப்பிலும் இதுவே நெறி. ஒரே பூட்டை நம்பாது, அடுக்கடுக்காகக் காவல் அமைத்தல் வேண்டும். கோட்டையின் வாயில் எது, பாதை எது, நீர்வழி எது என அறியாதவன் அதனைக் காவல் செய்ய இயலாது. அவ்வாறே வலையமைப்பை அறியாதவன் தகவலைக் காக்க இயலாது. ஆகவே வலையமைப்பு நூல் முன்னும், காப்பு நூல் பின்னுமாகக் கற்றலே முறை.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 2019-ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகப் பணிக்குரிய கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது. அக்கணினி இணையத்தோடு தொடர்புடைய நிருவாக வலையமைப்பைச் சார்ந்தது என்றும், நிலையத்தை இயக்கும் உள்வலையமைப்பு அதனின்றும் பிரிக்கப்பட்டிருந்தது என்றும் இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் அறிவித்தது. இச்செய்தியைப் படித்துப் பொருள் கொள்வதற்கே 'வலையமைப்பைப் பிரித்தல்' என்றால் என்ன என்னும் அறிவு வேண்டும். அவ்வறிவு காப்பு நூலில் தொடங்குவதன்று. வலையமைப்பு நூலில் தொடங்குவதாகும்.

முதல், வழி, சார்பு

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துவது தமிழிலக்கண மரபு. இப்பாகுபாடு கணினி நூல்களுக்கும் வியப்புறும் வகையில் பொருந்துகிறது.

இணையத்தின் நெறிமுறைகளை வகுத்தோர் தாமே எழுதி வெளியிட்ட ஆவணங்கள் ஆர்.எஃப்.சி. எனப்படும். இவற்றுள் முதலாவது 1969-இல் வெளிவந்தது. ஒவ்வொன்றிற்கும் எண் உண்டு. யாவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இவை முதல்நூல்கள்.

அம்முதல்நூல்களை உட்கொண்டு, முறைப்படுத்தி, விளக்கமும் பயிற்சியும் சேர்த்து எழுதப்பட்ட பாடநூல்கள் வழிநூல்கள். ஆண்ட்ரூ டானென்பாமின் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ்', ஜேம்ஸ் குரோஸ், கீத் ராஸ் இருவரும் எழுதிய 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங்: எ டாப்-டவுன் அப்ரோச்', பெஹ்ரூஸ் ஃபோரோசானின் 'டேட்டா கம்யூனிகேஷன்ஸ் அண்ட் நெட்வொர்க்கிங்', வில்லியம் ஸ்டாலிங்ஸின் 'கிரிப்டோகிராபி அண்ட் நெட்வொர்க் செக்யூரிட்டி' ஆகியன இவ்வகையின.

வழிநூல்களைச் சுருக்கி, தேர்வு வினாக்களுக்கு விடையாக அமைக்கப்பட்ட வழிகாட்டிகளும், சான்றிதழ்த் தேர்வுக்குரிய கையேடுகளும் சார்புநூல்கள். இவற்றால் பயனில்லை என்பதன்று நம் கருத்து. தேர்வு நெருங்கும் வேளையில் இவை துணையாகும். ஆனால் சார்புநூலிலேயே தொடங்கிச் சார்புநூலிலேயே முடிப்பவன், உரையையும் பாராது மூலத்தையும் பாராது வினாவிடைச் சுருக்கத்தைக் கொண்டே இலக்கியம் கற்றவனை ஒப்பான். வினா சற்றே மாறியவுடன் அவன் கை ஓய்ந்துவிடும். தொடக்க நிலை மாணவர் வழிநூலில் தொடங்கி, ஐயம் எழும்போது முதல்நூலை நோக்கி, தேர்வின்போது சார்புநூலைக் கொள்வதே ஏற்றது.

பாயிரம் தரும் அளவுகோல்

ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எவற்றை உரைத்தல் வேண்டும் என்பதை நன்னூல் எட்டாக வகுக்கிறது. அவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்ப்பாரும் உண்டு. கடையில் நூலைக் கையிலெடுக்கும் மாணவன், முன்னுரையையும் பொருளடக்கத்தையும் புரட்டி இவற்றுள் சிலவற்றுக்கேனும் விடை காண முயலுதல் வேண்டும்.

ஆக்கியோன் யார் என்பது முதல் வினா. அவர் இத்துறையில் கற்பித்தவரா, பணிபுரிந்தவரா என்பதை அட்டையே பெரும்பாலும் கூறும். டானென்பாம் ஆம்ஸ்டர்டாமிலும், ராஸ் ஆண்டர்சன் கேம்பிரிட்ஜிலும் பல்லாண்டு கற்பித்தவர்கள். ஆசிரியர் பெயரே இல்லாது 'வல்லுநர் குழு' என்று மட்டும் அச்சிட்ட நூலை ஐயத்தோடு நோக்குதல் நன்று.

நூற்பெயரும் நுதலிய பொருளும் பொருந்துகின்றனவா என்பது அடுத்தது. 'முப்பது நாளில் ஹேக்கர் ஆகலாம்' எனப் பெயர் சூட்டிக்கொள்ளும் நூலின் பொருளடக்கத்தைப் பார்த்தால், எவரோ செய்துவைத்த சில மென்பொருள்களை எவ்வாறு அழுத்துவது என்பதே காணப்படும். அம்மென்பொருள் மாறியவுடன் நூலும் பயனற்றதாகிறது. நன்னூல் நூற்குற்றம் பத்தினுள் கூறும் 'மற்றொன்று விரித்தல்', 'சென்று தேய்ந்து இறுதல்' என்பன இத்தகைய நூல்களில் கண்கூடாகக் காணத்தக்கன.

கேட்போர் யார் என்பது மூன்றாவது. ஒரே பொருளை இரு நூல்கள் இருவகையாகத் தொடங்குதலை ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம். வலையமைப்பின் செயல்களை அடுக்குகளாகப் பகுத்துக் கூறுவது இத்துறையின் மரபு. அடியில் கம்பியும் அலையும். மேலே முகவரியும் வழிச்செலுத்தலும். உச்சியில் நாம் காணும் இணையப்பக்கமும் மின்னஞ்சலும். டானென்பாம் அடியிலிருந்து தொடங்கி மேலேறுகிறார். குரோஸ், ராஸ் ஆகியோர் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழிறங்குகின்றனர். இயற்பியலும் மின்னணுவியலும் பயின்ற மாணவர்க்கு முன்னது இனிது. வணிகவியல், கணினிப் பயன்பாடு முதலியன பயின்று, செல்பேசி வழியாகவே இணையத்தை அறிந்த மாணவர்க்குப் பின்னது இனிது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் நெறி அதில் அமைந்துள்ளது. எந்நூல் சிறந்தது என வினவுவதினும், எந்நூல் எனக்கு ஏற்றது என வினவுதலே தக்கது.

யாப்பு என்பது நான்காவது. இங்கு யாப்பாவது செய்யுளமைப்பு அன்று. இன்ன நூலுக்குப் பின் இன்ன நூல் கற்கத்தக்கது என்னும் இயைபு. ஸ்டாலிங்ஸின் மறையீட்டு நூலைத் தொடுவதற்குமுன் வகுத்தலில் மீதி காணும் கணிதம், பகா எண்கள் ஆகியவற்றில் சிறிது பயிற்சி வேண்டும். இவ்வியைபை அறியாது தொடங்குவோர் இரண்டாம் இயலிலேயே நூலை மூடிவிடுகின்றனர். குறை நூலினதும் அன்று, மாணவரதும் அன்று, வரிசையினது.

காலம் என்னும் அளவு

இலக்கிய நூலின் பழைய பதிப்பு போற்றத்தக்கது. கணினி நூலின் பழைய பதிப்போ சில வேளைகளில் தீங்கு விளைப்பது. டானென்பாமின் நூல் 1981-இல் முதற்பதிப்பும், 2021-இல் ஆறாம் பதிப்பும் கண்டது. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் உலகமே மாறிவிட்டது. பழைய புத்தகக் கடையில் குறைந்த விலைக்கு வாங்கும் மாணவர் எதனைக் கொள்ளலாம், எதனைத் தள்ளலாம்?

கோட்பாடுகள் எளிதில் முதுமை எய்துவதில்லை. சிப்பமாகப் பகுத்தல், அடுக்குமுறை, வழிச்செலுத்தல், பிழை கண்டறிதல் ஆகியவற்றைப் பழம்பதிப்பிலும் கற்கலாம். ஆனால் காப்புச் செய்திகளில் ஆண்டு நோக்குதல் இன்றியமையாதது. இதற்கு நான்கு சோதனைகளைக் கூறலாம்.

1. டி.இ.எஸ். என்னும் மறையீட்டு முறை 1977-இல் அமெரிக்க அரசால் தரநிலையாக ஏற்கப்பட்டது. 1998-இல் இதற்கெனச் செய்யப்பட்ட பொறி ஒன்று 56 மணி நேரத்தில் அதன் திறவுகோலைக் கண்டறிந்தது. 2001-இல் ஏ.இ.எஸ். புதிய தரநிலையாயிற்று. டி.இ.எஸ். இன்றும் போதிய காவல் எனக் கூறும் நூலைத் தள்ளுக.

2. எம்.டி.5, எஸ்.எச்.ஏ.1 என்பன செய்தியின் முத்திரை போன்ற சுருக்கத்தை உண்டாக்கும் முறைகள். வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே முத்திரை அமையக்கூடும் என்பது முன்னதற்கு 2004-இலும், பின்னதற்கு 2017-இலும் மெய்ப்பிக்கப்பட்டது. இக்குறையைச் சுட்டாத நூல் பழையது.

3. இணையப் பரிமாற்றத்தைக் காக்கும் டி.எல்.எஸ். நெறிமுறையின் 1.3 பதிப்பு 2018-இல் வெளிவந்தது. நூலிறுதிச் சொல்லடைவில் அப்பெயர் உளதா எனக் காண்க.

4. கம்பியில்லா வலையமைப்பிற்கு முதலில் அமைந்த டபிள்யூ.இ.பி. என்னும் காவல் 2001-ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தும் நூல் நம் இல்லத்துக் கதவைத் திறந்துவைக்கச் சொல்லும் நூலாகும்.

முதல்நூல்களும் காலத்திற்கேற்பப் புதுக்கப்படுகின்றன. டி.சி.பி. என்னும் நெறிமுறையை 1981-இல் வகுத்த 793-ஆம் எண் ஆவணத்தின் இடத்தை 2022-இல் 9293-ஆம் எண் ஆவணம் பெற்றது. பழையன கழிதலும் புதியன புகுதலும் இலக்கணத்திற்கு மட்டும் உரியனவல்ல என்பது இதனால் பெறப்படும்.

தமிழ்வழிப் பயின்றார்க்கு

ஆங்கில நூலைக் கண்டு அஞ்சும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. முதற்படி தமிழிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டரசு 2018–19 கல்வியாண்டு முதல் நடைமுறைப்படுத்திய பாடத்திட்டத்தின்படி வெளிவந்த மேனிலை வகுப்பு நூல்கள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. பன்னிரண்டாம் வகுப்புக் 'கணினிப் பயன்பாடுகள்' நூலில் வலையமைப்பு அறிமுகம், நெறிமுறைகள், களப்பெயர் முறைமை, வடமிடல், மின்வணிகக் காப்பு ஆகியன தனித்தனிப் பாடங்களாக உள. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் கணினி நன்னெறியும் இணையக் காப்பும் பற்றிய பாடம் உண்டு. கல்லூரி மாணவன் பள்ளி நூலைப் புரட்டுவதா என நாணுதல் வேண்டா. தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், கலைச்சொற்கள் இருமொழியிலும் மனத்தில் பதியும்.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை, மணவை முஸ்தபா அவர்களின் தொண்டை இவண் நினைவுகூர்தல் கடனாகும். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பாசிரியராக விளங்கிய அப்பெருந்தகை, அறிவியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளுக்குக் கலைச்சொல் களஞ்சியங்களைத் தனியொருவராக உழைத்துத் தொகுத்தளித்தார். 2017-இல் அவர் மறைந்தார். அவர்தம் தொகுப்புகள் நூலகங்களில் உள. எனினும் ஒரே கருத்திற்கு வலையமைப்பு, பிணையம், வலைப்பின்னல் எனப் பல சொற்கள் வழங்குவதால் மாணவர் மயங்குதல் இயல்பு. இதற்கு எளிய வழி, மூன்று பத்தி கொண்ட குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ளுதல். முதற்பத்தியில் ஆங்கிலச் சொல்லும், இரண்டாவதில் தமிழ்ச்சொற்களும், மூன்றாவதில் தம் சொந்தத் தொடரில் ஒருவரி விளக்கமும் எழுதுக. மூன்றாம் பத்தியை நிரப்ப இயலாத சொல்லை இன்னும் கற்கவில்லை என்பதே பொருள்.

ஆங்கிலப் பயிற்சிக்கும் துறையார்வத்திற்கும் ஒருசேர உதவும் கதைநூல்கள் இரண்டு உள. கிளிஃபோர்டு ஸ்டோல் எழுதி 1989-இல் வெளிவந்த 'தி குக்கூஸ் எக்' ஒன்று. வானியலறிஞரான அவர், கணினிக் கணக்கில் காணப்பட்ட 75 சென்ட் வேறுபாட்டைத் தொடர்ந்து சென்று, மேற்கு ஜெர்மனியிலிருந்து ஊடுருவிய ஒருவனைக் கண்டறிந்த உண்மை வரலாறு அது. சைமன் சிங் எழுதி 1999-இல் வெளிவந்த 'தி கோட் புக்' மற்றொன்று. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் பேரறிஞர், மறைமொழியில் எவ்வெழுத்து எத்துணை முறை வருகிறது என எண்ணி அதனை உடைக்கும் முறையைக் கண்ட வரலாற்றை அந்நூலில் காணலாம். நம் மாணவர் தமிழ் நாளிதழின் ஒரு பக்கத்தை எடுத்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தால், அல்கிந்தியின் நுட்பம் ஒரு மாலைப்பொழுதிலேயே விளங்கும்.

கற்கும் வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்து ஒரு வரிசையாகத் தருதும்.

முதற்படி: மேனிலை வகுப்புத் தமிழ் நூல்களின் உரிய பாடங்கள்.

இரண்டாம்படி: ஃபோரோசான் அல்லது குரோஸ், ராஸ் நூல். இவற்றுள் ஒன்றே போதும். இரண்டையும் பாதி பாதியாகப் படித்தல் தீது.

மூன்றாம்படி: கைப்பயிற்சி. வயர்ஷார்க் என்னும் கட்டணமற்ற மென்பொருள், தம் கணினி வழியே செல்லும் சிப்பங்களைக் கண்முன் காட்டும். ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் 1994-இல் வெளியிட்ட 'டி.சி.பி./ஐ.பி. இல்லஸ்ட்ரேட்டட்' நூலின் முதல் தொகுதி, இவ்வாறு கண்டு கற்கும் முறைக்கு இலக்கணமாய் அமைந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2011-இல் வெளிவந்தது.

நான்காம்படி: ஸ்டாலிங்ஸின் காப்பு நூல்.

ஐந்தாம்படி: ராஸ் ஆண்டர்சனின் 'செக்யூரிட்டி இன்ஜினியரிங்'. 2001, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புகள் கண்ட இந்நூலைப் பொருளற்ற மாணவரும் படிக்கவேண்டும் எனக் கருதிய ஆசிரியர், தம் இணையப்பக்கத்தில் விலையின்றி வைத்தார். 2024-இல் அவர் மறைந்தார். வங்கிகளின் பணப்பொறிகளில் நேர்ந்த மோசடிகளை ஆராய்ந்த அவர், அவற்றுட் பெரும்பாலானவை கணிதம் உடைந்ததால் அல்ல, மனிதரின் கவனக்குறைவாலும் நிருவாகக் குறைபாட்டாலும் நேர்ந்தவை எனக் காட்டினார். காப்பு என்பது எந்திரத்தில் மட்டுமன்று, மனிதரிடத்தும் உள்ளது என்பதே அந்நூலின் சாரம்.

நூலோடு விரிவுரையும் வேண்டுவோர்க்கு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் கூட்டு முயற்சியான என்.பி.டி.இ.எல். காணொளிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

கற்பார் ஒழுக்கம்

பூட்டைத் திறக்கும் நுட்பம் அறிந்தவன் பிறர் வீட்டுப் பூட்டைத் திறந்து பார்த்தல் கல்வியாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, அதன் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆகியவற்றின்படி, உரியவர் இசைவின்றிப் பிறர் கணினியில் நேர்மையற்ற நோக்கோடு நுழைதல் மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ பெறத்தக்க குற்றமாகும். 'விளையாட்டாகச் செய்தேன்' என்பது ஒரு மாணவனின் வேலைவாய்ப்பையும் குடும்பத்தின் நற்பெயரையும் மீட்டுத் தாராது. எனவே இச்சட்டப் பகுதியை விளக்காத, இசைவு பெறுதலின் இன்றியமையாமையைக் கூறாத காப்பு நூல் எத்துணை நுட்பமுடையதாயினும் தொடக்க நிலை மாணவர் கையில் தரத்தக்கதன்று. பயிற்சி வேண்டின், தமக்குரிய கணினியிலும் ஆசிரியர் அமைத்துத்தரும் ஆய்வக வலையமைப்பிலும் செய்க.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

நம் ஊர்ப் பெரியோர் கல்விக்காக ஈயும் கொடை பெரிது. அக்கொடை நூலாக மாறும்போது சிறிது ஆராய்ச்சியும் உடன்சேர வேண்டுகிறோம். சீர்காழியில் பிறந்து உலக நூலகவியலுக்குத் தந்தை எனத்தக்கவரான எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளின் உட்கருத்து, நூல் பயன்படுவதற்கே என்பதாம். ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகனும் வாய்க்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

ஆகவே நூறு தேர்வு வழிகாட்டிகளை வாங்குவதினும், இரண்டாம்படிக்குரிய ஒரே நூலின் புதிய பதிப்பில் ஐந்து படிகள் வாங்கி நூலகத்தில் வைத்தல் நன்று. ஐவர் ஒரே நூலைப் படித்தால் அவர்களுக்குள் உரையாடல் பிறக்கும், ஐயம் தீரும். அந்நூலருகே ஒரு கணினியும், மாலைநேரத்தில் அமர ஓரிடமும் அமைந்தால் அதுவே ஒரு சிறு கலாசாலையாகும். வெளிநாட்டில் உள்ள மகனின் குரலில் பேசிப் பணம் கேட்பாரும், வங்கியின் பெயரால் கடவுஎண்ணைக் கேட்பாரும் பெருகிய இந்நாளில், அங்குக் கற்ற மாணவன் தன் ஊர் முதியோர்க்கு முதற்காவலன் ஆவான். ஏமாற்றப்பட்டோர் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதையேனும் அவன் இல்லந்தோறும் உணர்த்துவான்.

முடிவுரை

நூலின் வகை அறிந்து, ஆசிரியரை அறிந்து, தனக்கு ஏற்றதா என ஆய்ந்து, பதிப்பின் காலத்தை நோக்கி, வரிசை பிறழாது கற்றலே நூல் தெரிவு நெறியாம் என்பது இதுகாறும் கூறியவற்றால் விளங்கும். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்கு முன் ஓலைச்சுவடிக்கு வகுத்த இலக்கணம் இன்றைய கணினி நூலுக்கும் அளவுகோலாகப் பயன்படுதல், தமிழ் கற்றார் எத்துறையிலும் துணிந்து நுழையலாம் என்பதற்குச் சான்றாகும். தமிழ்வழி வந்தமையால் பின்தங்கினோம் எனக் கருதும் மாணவர் அவ்வெண்ணத்தை விடுக. நல்ல நூல் ஒன்றைத் தேர்ந்து இன்றே முதல் இயலைத் தொடங்குக.